பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பாருங்கள்

பாபநாசம் போகலாம் என்று வீட்டில் எல்லாரும் குளித்துக் கிளம்பி நிற்கும்போது, காரின் சாவியைத் திருகினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். செல்ப் எடுக்காது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே இந்த வருடம் மூன்று வீட்டில் இது நடந்தது. மூன்று பேருமே அன்றைக்கே புது பேட்டரி வாங்கிப் போட்டார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு மட்டும் அடுத்த மாதமே புதுசும் இறங்கிவிட்டது.

"பேட்டரி புதுசுல்லா தம்பி, பொறவு எப்படி எறங்கும்?" என்று கேட்டார்.

எனக்கும் முன்பு இதே அனுபவம் உண்டு. பேட்டரி கெட்டுப்போவது வேறு, பேட்டரியிலிருந்து சார்ஜ் கசிவது வேறு. கசிவை விட்டுவிட்டுப் புதுசு போட்டால் அதுவும் காலியாகும். அடிக்கடி முழுசாக இறங்கினால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, நல்ல பேட்டரியும் நிரந்தரமாகப் பலம் இழந்துவிடும்.

அதனால் முதலில் வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். வண்டியை ஓட்டி நிறுத்தின கையோடு அளக்கக் கூடாது, அப்போது வோல்ட் கூடுதலாகத்தான் காட்டும். ராத்திரி முழுக்க நிற்கவிட்டுக் காலையில் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவான சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8-லிருந்து 14.5 வரை காட்டும். 13-ஐக்கூடத் தொடவில்லை என்றால், வண்டி ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு' என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய டைனமோ காலத்து வண்டிக்கு அது சரி. இப்போதைய வண்டியில் அந்த நொடியில் வோல்ட் எகிறி, என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ போய்விடலாம். பேட்டரியைப் போலப் பல மடங்கு செலவு. யார் சொன்னாலும் அதைச் செய்ய விடாதீர்கள்.

கசிவைப் பார்ப்பதில்தான் அவசரம் கூடாது. வண்டியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைக் கழற்றிய கேபிளிலும் வைக்க வேண்டும். தொட்டவுடன் 2, 3 ஆம்பியர்கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் உறங்கப் போக அரைமணி நேரம் ஆகும். அதன்பின் 0.05 ஆம்பியருக்குள் நின்றால் கவலை இல்லை. பியூஸ் பெட்டி உள்பக்கம் இருந்தால் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடின நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் வண்டி விழித்தே இருக்கும். பிறகு பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால், எதை எடுக்கும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. எதிலும் இறங்காவிட்டால் கரண்ட் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகப்படலாம். மீட்டர் இந்த இணைப்பில் இருக்கும்போது மட்டும் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் பியூஸ் போய்விடும்.

என் வண்டியில் கோளாறு டிக்கி விளக்கில் இருந்தது. மூடினாலும் அணையவில்லை. போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தேன்; படம் முழுக்க வெளிச்சம். திறந்து பல்பைத் தொட்டால் சுட்டது. 5 வாட் பல்புதான், 0.4 ஆம்பியர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தி திங்கட்கிழமை காலை எடுப்பதற்குள் 60 மணி நேரம், அதாவது 24 ஆம்பியர்-ஹவர் (0.4 × 60) போய்விடுகிறது. சின்னக் காரின் பேட்டரியில் இருப்பதே 35.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால், தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதை ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும், ஆசிட் சேர்க்க வேண்டாம். அக்னி நட்சத்திரத்து வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பதால் அந்த மாதங்களில் அடிக்கடி பாருங்கள்.

பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, ஊரில் வண்டி சும்மா நிற்கும் வீடுகளில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள். அது பெரிதாகப் பயன்படாது. சேரன்மகாதேவி வரைக்கும் போய்த் திரும்பினால்தான் கொஞ்சமாவது ஏறும். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில்.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் செய்ய ஜம்பர் கேபிள் போடுகிறவர்கள் கடைசி கறுப்பு முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பொறி பறந்தால் ஆபத்து. தள்ளி, என்ஜினின் இரும்புப் பகுதியில் மாட்டுங்கள்.

அண்ணாச்சி வண்டியில் அரைமணி கழித்தும் மீட்டர் 0.38-ல் நின்றது. கண்ணாடியில் டேஷ்கேம் (சாலையைப் படம் பிடிக்கும் கேமரா) மாட்டியவர்கள் அதன் வயரை எப்போதும் கரண்ட் வரும் லைனில் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு மட்டும் எடுக்கிற வண்டி அது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் பியூஸுக்கு வயரை மாற்றி, மறுபடியும் அரைமணி காத்திருந்து பார்த்தோம். 0.03.