தெரு கான்கிரீட் ரோட்டுக்கு அட்மிக்சர் கலக்குறது எப்படி?

அட்மிக்சர்ங்குற கான்கிரீட் கெமிக்கல ஊத்துனா ரோடு தானா கெட்டியாயிரும்னு நினைச்சு ஊத்துதாவ, அப்படி கிடையாது. ஒட்டிக் கிடக்குற சிமெண்ட் துகளைப் பிரிச்சுவிட்டு கம்மி தண்ணியிலயே கலவைய இளக்குறதுதான் அதோட வேலை. தண்ணிய நாமதான் குறைக்கணும், பலம் அதுலதான் வருது. குறைக்காம ஊத்துனா ஜல்லி அடியில போய் மேல சிமெண்ட் பால் மிதக்கும், பொறவு ரோட்டுல புழுதி கிளம்பும்.

எம்-சாண்ட்னா (கல்ல உடைச்சு செய்ற மணல்) நாப்தலின் வகை சூப்பர்பிளாஸ்டிசைசரே வாங்குங்க, தண்ணிய குறைக்குற அட்மிக்சருக்குத்தான் அந்தப் பேரு. பிசிஇங்குற (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) இன்னொரு வகை இன்னும் நல்லா தண்ணிய குறைக்கும், ஆனா மணல்ல களித்தூசி இருந்தா அது கெமிக்கல முழுங்கிரும், புதுசா செய்றவங்களுக்கு சரிப்படாது.

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, சிமெண்ட் எடையில 0.8 சதவீதம்னா 400 கிராம். கேன்ல போட்டிருக்குற அளவு வரம்ப பாத்துக்கிடுங்க, மூடியால அளக்காதீங்க, தராசுல வைங்க.

ஒரு கிலோ சிமெண்டுக்கு 0.42 லிட்டர் தண்ணிங்குற கணக்குக்கு மூட்டைக்கு 21 லிட்டர். இங்கதான் எல்லாரும் சறுக்குதாவ, ஏன்னா நம்மூருக்கு வர்ற எம்-சாண்ட் கழுவி ஈரமாத்தான் இறங்குது. ஒரு கிலோ மணல மேல்ஈரம் போயி உதிரியாகுற வரைக்கும் வாணலியில வறுத்து திரும்ப எடை போடுங்க, 50 கிராம் குறைஞ்சா மூட்டைக்குப் போடுற 80 கிலோ மணல்லயே கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணி இருக்கு, அப்போ ஊத்த வேண்டியது 17தான். காலையில ஒருக்கா, மதியம் ஒருக்கா வறுத்துப் பாருங்க, வெயில்ல குவியல் காஞ்சா கணக்கு மாறிரும்.

முக்கால்வாசி தண்ணி ஊத்தி மிக்சர் சுத்துனபொறவு, மிச்ச தண்ணியில கெமிக்கல கலந்து ஊத்தி ரெண்டு நிமிஷமாவது ஓடட்டும். காஞ்ச சிமெண்ட் மேல நேரா ஊத்தாதீங்க. முதல்ல ஒரு டிரம் மட்டும் போட்டுப் பாருங்க, சிமெண்ட் பிராண்ட் மாறுனா திரும்பவும் பாக்கணும். கொத்தனார் இறுக்கமா இருக்குன்னு ஒரு வாளி தண்ணி கேட்டா குடுக்காதீங்க, கேன்ல போட்ட வரம்புக்குள்ள கெமிக்கல கொஞ்சம் கூட்டிக்கிடலாம்.

சித்திரை வெயில்னா ரிட்டார்டர் சேந்தது வாங்குங்க, இறுக லேட்டாகும், ஜாயிண்ட் வெட்டுறதும் (கண்ட இடத்துல வெடிக்காம இருக்க ரோட்டு குறுக்க கீறி விடுறது) அதுக்கேத்தாப்ல தள்ளிப்போகும். 6 இஞ்ச் கனமுள்ள ரோட்டுக்கு ஜாயிண்ட் ரெண்டு இஞ்ச் ஆழம், 12லேர்ந்து 15 அடிக்கு ஒண்ணு.

பின்சேர்க்கை: வள்ளியூர் பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி, எல்லாம் சரியா செஞ்சும் அன்னைக்கே மயிர்க்கோடா வெடிச்சிருச்சேன்னு கேட்டாவ. ஆனி ஆடி காத்து மேல்தண்ணிய உறிஞ்சிரும், அதுக்கு எந்த கெமிக்கலும் பத்தாது. சாயங்காலம் போடுங்க, மட்டம் தட்டுன உடனே பாலிதீன் ஷீட் மூடுங்க, இறுகுனதும் ஈரச்சாக்கு போட்டு 14 நாள் காயவிடாதீங்க.

வாட்டர்புரூஃப் லிக்விட் சூப்பர்பிளாஸ்டிசைசருக்கு மாத்து இல்ல. சீக்கிரம் இறுகணும்னு கால்சியம் குளோரைடு போடச் சொன்னா, உள்ள கம்பி இருக்குற ரோட்டுக்கு வேண்டவே வேண்டாம், துரு ஏறிரும்.