கழுத்து வழுக்காத மர வைஸ்

கிடார் கழுத்தை இரும்பு வைஸில், அதாவது வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில், வைத்தால் தடம் விழும். தளர்த்தினால் வழுக்கும். அதற்கு இரண்டு கடின மரக் கட்டைகளும் இரண்டு 12 மி.மீ. மரைக்கம்பிகளும் இருந்தால் ஒரு வைஸ் செய்துவிடலாம். இந்த அமைப்புக்கு மாக்சன் வைஸ் என்று பெயர்.

கட்டைகள் 50 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம், 4 செ.மீ. தடிமன் இருந்தால் தாராளம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே மூச்சில் துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டால் நேர் வராது. அப்புறம் முன்கட்டையின் துளையை மட்டும் பக்கவாட்டில் 20 மி.மீ. வரை அகலப்படுத்துங்கள். விஷயமே இதில்தான் இருக்கிறது. கழுத்து ஒரு முனையில் குறுகலாக இருக்கும் அல்லவா? துளையில் இடம் இருந்தால் கட்டை சற்றே சாய்ந்து அதையும் முழுசாகக் கவ்வும்.

பின்கட்டையின் பின்புறம் நட்டின் வடிவத்துக்கு உளியால் குழி எடுத்து, எபாக்ஸி பசை வைத்து நட்டைப் பதியுங்கள். அதற்கு முன் கம்பியில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள். நான் மறந்தேன், கம்பியும் நட்டும் ஒன்றாக ஒட்டி, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன்.

முன்பக்கம் பெரிய வாஷரும் கைப்பிடி நட்டும் போதும். உள்முகத்தில் 3 மி.மீ. கார்க் ஒட்டுங்கள். தோலும் நல்லதுதான், ஆனால் சாயம் போட்ட தோல் வெளிர் மரத்தில் கறை விடும். பின்கட்டையை இரண்டு சி-கிளாம்ப்களால் மேசையோடு இறுக்கிவிட்டால் சரி. ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. மட்டுமே நகரும், அதனால் கிடாரின் மெல்லிய பக்கப்பலகையையும் பயமில்லாமல் பிடிக்கலாம்.