பழைய செடார் கனூவைப் பிரித்து, சரிசெய்து, மறுபடி தண்ணீரில் இறக்குவது எப்படி

கனடாவில் ஒன்டாரியோ பக்கம் ஏரிக்கரை வீடுகளின் கொட்டகைகளில் இன்னமும் மரக் கனூக்கள், அதாவது இரு முனையும் கூரான துடுப்புப் படகுகள், தூசி படிந்து கிடக்கின்றன. தாத்தா காலத்துச் சாமான், யாராவது தூக்கிக்கொண்டு போனால் சரி என்று கொடுத்துவிடுகிறார்கள். எனக்கும் ஒன்று அப்படித்தான் வந்தது. 16 அடி நீளம், நியூ பிரன்ஸ்விக்கின் ஃப்ரெடெரிக்டன் நகரத்தில் இருந்த செஸ்ட்நட் கம்பெனியில் செய்தது. அந்தக் கம்பெனி 1979-இல் மூடிவிட்டது, ஆனால் அவர்கள் செய்த கனூக்கள் சாகவில்லை. காரணம், இது பிரித்துப் பிரித்துச் சரிசெய்வதற்கென்றே உருவான படகு. அதை மனதில் வைத்துக்கொண்டு கை வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் ஊர் வள்ளத்தில் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து செய்வார்கள், தண்ணீரைத் தடுக்கிற வேலை மரத்துக்கும் அந்த அடைப்புக்கும். இங்கே அப்படி இல்லை. கனூவின் பலகை 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடுக்கெல்லாம் தெரியும். தண்ணீரைத் தடுப்பது மேலே இழுத்துப் போர்த்திய கேன்வஸ் துணி. மெய்ன் மாநிலத்துப் பெனோப்ஸ்காட் மக்களும் அவர்களின் அண்டை இனங்களும் பூர்ச்ச மரப்பட்டையில் கனூ கட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பேங்கர் பக்கத்துப் படகுத் தச்சர்கள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, பட்டைக்குப் பதில் கேன்வஸ் போட்டார்கள். துணி தேயும், கிழியும், 20, 30 வருடத்தில் மாற்ற வேண்டி வரும். மரம் நிற்கும்.

அதனால்தான் சொல்கிறேன், யார் என்ன சொன்னாலும் ஃபைபர்கிளாஸ் ஒட்டாதீர்கள். சீக்கிரம் முடியும், மலிவு, ஒழுகாது என்பார்கள். மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், பிசின் அசையாது. நடுவில் ஈரம் சிக்கி உள்ளேயே மக்கும், அடுத்த தடவை உள்ளே விலா மாதிரி வளைந்து ஓடும் ஒரு சட்டம் உடைந்தால் ஆணியைப் பிடுங்கக்கூட வழி இருக்காது. ஏற்கெனவே யாரோ ஒட்டியிருந்தால் ஹீட் கன்னால் சூடாக்கி, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து எடுக்கலாம். பொறுமை வேண்டும், மூக்குக்கு ரெஸ்பிரேட்டரும் வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மழுங்கின ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இரண்டு முனைகளையும் குத்திப் பாருங்கள். கனூவைத் தரையில் கவிழ்த்து வைத்தவர்கள் எல்லோரும் முனைகளைத்தான் மக்க விட்டிருப்பார்கள். முனைக்கட்டையின் நுனி, உள்விளிம்புச் சட்டத்தின் கடைசி ஒரு அடி, முனையை மேலே மூடும் சின்ன முக்கோணப் பலகை, இவை போயிருந்தால் பயப்பட வேண்டாம், மக்கிய பகுதியைச் சரிவாக வெட்டி, தடிமனைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு கொடுத்துப் புது மரத்தை எப்பாக்ஸியில் ஒட்டலாம். நடுவயிறு திருகிப் போயிருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பிரிக்கிற வேலை எளிது. வெளிவிளிம்பு, அடிக்கட்டை, முனையில் ஓடும் பித்தளைப் பட்டை, இவற்றைக் கழற்றினால் பழைய கேன்வஸ் சட்டை மாதிரி கையோடு வந்துவிடும். குறுக்குச் சட்டங்களை மட்டும் இப்போது தொடாதீர்கள். வெளிவிளிம்பும் இல்லை, குறுக்கும் இல்லை என்றால் உடம்பு விரிந்துவிடும், அப்புறம் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

உள்ளே வார்னிஷை ஸ்ட்ரிப்பர் போட்டு எடுங்கள், சாண்ட் பேப்பர் மெஷினால் அல்ல. வெளிப்பக்கம் நான் அதைத்தான் செய்தேன், பலகை மெல்லிசாகி ஆணித் தலைகள் பாதி தேய்ந்துவிட்டன. அந்த ஒரு சனிக்கிழமைக்காக 200 ஆணிக்கு மேல் மாற்றினேன். அந்த ஆணி பித்தளை, வெளியிலிருந்து அடிக்கும்போது உள்ளே ஒரு இரும்புக் கட்டியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். நுனி இரும்பில் பட்டு வளைந்து, திரும்பவும் மரத்துக்குள்ளேயே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் அடிக்க, ஒருவர் பிடிக்க, இரண்டு பேர் வேலை. பசையே இல்லை, அதுதான் இந்தக் கட்டுமானத்தின் அழகு.

விலாச் சட்டம் மாற்றுவதுதான் எல்லோரும் பயப்படுகிற இடம். மயிரிழை விரிசல் உள்ள சட்டத்தை அப்படியே விடுங்கள், ஒன்றும் ஆகாது. முழுக்க உடைந்ததை மட்டும் மாற்றுங்கள், அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக. மரம் வெள்ளைச் செடார், இழை நேராக ஓட வேண்டும், முடிச்சு கூடாது. சூளையில் உலர்த்திய மரம் வேண்டவே வேண்டாம். கடையில் கிடைத்ததே என்று அதைத்தான் நான் முதலில் வளைத்தேன், மூன்றும் படக்கென்று முறிந்தன. காற்றில் உலர்ந்த மரமாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, நீண்ட மரப்பெட்டியில் வைத்து ஆவி விடுங்கள். 3/8 அங்குலச் சட்டத்துக்கு 25 நிமிடம் போதும். எடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் வளைத்தாக வேண்டும். எங்கே வைத்து வளைப்பது? கவிழ்த்து வைத்த கனூவின் முதுகு மேலேயே. ஆனால் உடைந்த இடத்துக்கு நேர் மேலே அல்ல, முனைப் பக்கமாக ஒன்றிரண்டு சட்டம் தள்ளி. வெளிச்சுற்று உள்சுற்றைவிடப் பெரியது, நேர் மேலே வளைத்தால் உள்ளே போட்டதும் சரியாகப் படியாது. கட்டிப்போட்டு ஒரு வாரம் காயவிடுங்கள்.

மர வேலை முடிந்ததும் உள்ளே ஸ்பார் வார்னிஷ் மூன்று நான்கு கோட், வெளியே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரு கோட். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் உள்ள டின்னில் போட்டு மூடுங்கள்.

கேன்வஸ் 10-ஆம் எண், பருத்தி. 16 அடிக் கனூவுக்கு 19 அடி நீளம் வாங்குங்கள். துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு நுனியையும் கட்டைகளுக்கு நடுவே இறுக்கி, ஒரு பக்கம் தூணிலும் மறுபக்கம் கைவின்ச்சிலும் கட்டினால் தொட்டில் மாதிரி தொங்கும். அதற்குள் கனூவை நிமிர்த்தி வைத்து இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்று எழுதிக் காட்ட முடியாது, விரலால் சுண்டினால் பறை மாதிரி ஒலிக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆரம்பித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி, அகலவாய்க் குறடால் துணியை மேலே இழுத்து, ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும் இரண்டு ஆணி. நடுவிலிருந்து முனைக்குத்தான் போக வேண்டும், முனையில் ஆரம்பித்தால் சுருக்கம் எல்லாம் வயிற்றில் வந்து நிற்கும்.

அப்புறம் ஃபில்லர். ஆளிவிதை எண்ணெய், சிலிக்கா மாவு, பெயின்ட், டர்பன்டைன், உலர்த்தி, இவற்றின் கலவை. பழைய காலத்தில் வெள்ளை ஈயம் போட்டார்கள், நாம் போட வேண்டாம். சிலிக்காவைக் கலக்கும்போதும் மாஸ்க் போடுங்கள். கேன்வஸ் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, துணியின் இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். நான்கு வாரமாவது காயட்டும். அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் சுருங்கி வெடிக்கும், நான் பார்த்த மோசமான கனூக்களில் பாதி இப்படிக் கெட்டவைதான். பிறகு எனாமல் மூன்று கோட். நீர்மட்டத்துக்குக் கீழே சிலர் அரக்கு பூசுவார்கள். பாறையில் உரசினால் வழுக்கிப் போகும், தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த முறை.

சரி, தண்ணீருக்கு வருவோம். கரையில் பாதி, தண்ணீரில் பாதியாகக் கனூ நிற்கும்போது ஏறாதீர்கள், உங்கள் எடை முழுக்க ஒரு சட்டத்தில் விழுந்து உடையும். முழங்கால் ஆழத்தில் கரைக்குப் பக்கவாட்டாக மிதக்க விட்டு, கால் நனைந்தாலும் பரவாயில்லை என்று இறங்கி, நடுக்கோட்டில் கால் வைத்து ஏறுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது கனடாவில் சட்டம், நான் சொல்வது படகில் வைப்பது மட்டும் போதாது, போட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்து ஏரித் தண்ணீர் சில நிமிடங்களில் கையைச் செயலிழக்கச் செய்துவிடும்.

மண்டி போட்டு, இடுப்பை இருக்கையின் ஓரத்தில் சாய்த்து உட்காருங்கள், எடை கீழே இறங்கியதும் படகு அடங்கிவிடும். தனியாகப் போனால் முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், அதாவது படகைத் திருப்பிப் போட்டு ஓட்டுகிறீர்கள், அப்போதுதான் நடுவுக்கு அருகில் வருவீர்கள். ஒரு பக்கமே துழாவினால் படகு எதிர்ப்பக்கம் திரும்பும். அதற்குத்தான் ஜே ஸ்ட்ரோக். துழாவலின் கடைசியில், மேல்கைக் கட்டைவிரல் கீழே நோக்கும்படி துடுப்பைத் திருப்பி, படகிலிருந்து லேசாக வெளியே தள்ளுங்கள். ஆரம்பத்தில் மணிக்கட்டு வலிக்கும். எல்லோரும் கட்டைவிரலை மேலே திருப்பித்தான் தொடங்குவார்கள், அது பிரேக் போடுகிற மாதிரி வேகத்தைத் தின்னும். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துழாவினால் நாள் முழுக்கப் போகலாம். எதிர்க்காற்று அடித்தால் மூட்டையை முன்னால் தள்ளி வையுங்கள், முன்முனை கனத்தால் காற்று அதைத் திருப்பாது.

இரண்டு ஏரிகளுக்கு நடுவே நடுக் குறுக்குச் சட்டமான நுகத்தைத் தோளில் வைத்துக் கனூவைத் தூக்கிப் போக வேண்டி வரும், 30 கிலோவுக்கு மேல் கனக்கும். இறக்கும்போது தரையில் போடாதீர்கள், தொடையில் தாங்கி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மணலைக் கழுவி, விளிம்புகள் தாங்கும்படி இரண்டு குதிரைக் கட்டைகள் மேல் கவிழ்த்து வையுங்கள், முனைகள் எதையும் தொடக் கூடாது. பிளாஸ்டிக் உறையால் இறுக மூடாதீர்கள், காற்றுப் போகட்டும். குளிர்காலத்தில் பனி விழாத கூரைக்குள் ஏற்றிவிடுங்கள்.