வெடிப்பே இல்லாத பெல்ட்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தாலே கீச்சென்று ஒரு சத்தம், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும் என்பதால் ஒரு மாதம் காதில் போட்டுக்கொள்ளாமலே ஓட்டினேன். அப்புறம் ஏசி போட்டாலும் கத்தியது. எஞ்சின் ஓடும்போதே, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, எஞ்சின் விசையால் ஏசி போன்றவற்றைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சத்தம் நின்று மறுபடி வந்தால் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், நேராக இல்லை, கூடினால் பெல்ட் வழுக்குகிறது. எனக்குக் கூடியது.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒரு வெடிப்புகூட இல்லை! இப்போதைய பெல்ட்டுகளில் வரும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் லேசில் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். புது பெல்ட்டைப் பக்கத்தில் வைத்தபோதுதான் பழையதன் பள்ளங்கள் அகன்று போயிருப்பது தெரிந்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது, இரண்டையும் மாற்றினேன். கழற்றுமுன் பெல்ட் போகும் பாதையைப் போனில் படம் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று, இல்லையென்றால் மாட்டவே அரை நாள் ஆகியிருக்கும்.