கார் போர்டிலிருந்து பவர் டிரான்சிஸ்டர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இக்னிஷன் மாட்யூல், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) போர்டுகளில் தரமான பவர் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவுடன் கழற்றுவதுதான் முதல் தவறு. பலவற்றின் மேல் தயாரிப்பாளரின் உள் எண் மட்டுமே இருக்கும். தேடினாலும் டேட்டாஷீட் (பாகத்தின் விவரத்தாள்) கிடைக்காது. போர்டில் இருக்கும்போதே எந்தக் கால் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இக்னிஷன் காயிலுக்கா, இன்ஜெக்டருக்கா, மோட்டாருக்கா என்று தெரிந்தாலே பாதி விடை வந்துவிடும்.

டிஓ-220 என்ற பொதுவான உறையில் இருப்பதெல்லாம் மாஸ்ஃபெட் (கேட் என்ற காலின் வோல்டேஜால் டிரெயின், சோர்ஸ் கால்களுக்கிடையே கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) அல்ல. ஐந்து கால் இருந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்புச் சுற்று உள்ளடங்கிய ஸ்மார்ட் சுவிட்ச். மூன்று கால் உள்ளதை மல்டிமீட்டரின் டயோடு மோடில் பாருங்கள். என்-சேனல் மாஸ்ஃபெட்டில் சிவப்பு முனையை சோர்ஸிலும் கறுப்பை டிரெயினிலும் வைத்தால் 0.4 முதல் 0.6 வோல்ட் காட்டும். இக்னிஷன் காயிலை ஓட்டும் ஐஜிபிடியில் (கேட், கலெக்டர், எமிட்டர் என்ற கால்களுள்ள, அதிக வோல்டேஜ் தாங்கும் டிரான்சிஸ்டர்) பொதுவாக இந்த டயோடு இருக்காது. ஆனால் பலவற்றில் கேட்டுக்கும் எமிட்டருக்கும் இடையே சில கிலோ ஓம் முதல் இருபது, முப்பது கிலோ ஓம் வரை காட்டும். லீக்கேஜ் என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ரெசிஸ்டர் உள்ளேயே கட்டப்பட்டது.

இதே ஐஜிபிடிகள் பலவற்றின் கேட் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் கேட் போய்விடும். 5 வோல்ட் போதும். இவை மெதுவாக ஸ்விட்ச் ஆகும் வகை என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸில் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் பவர் சப்ளை) போட்டால் கொதித்துவிடும்.

அதிகம் பேர் சறுக்குவது லீனியர் பயன்பாட்டில்தான். கார் மாஸ்ஃபெட்கள் முழுதாக ஆன் அல்லது ஆஃப் ஆக வடிவமைக்கப்பட்டவை. எலக்ட்ரானிக் லோடில் (பவர் சப்ளையைச் சோதிக்கக் கரண்டை இழுக்கும் கருவி) பாதி திறந்த நிலையில் ஓட்டினால், சிப்பில் சூடான புள்ளியின் திரெஷோல்ட் வோல்டேஜ் (ஆன் ஆகத் தொடங்கும் கேட் வோல்டேஜ்) குறையும், அங்கேயே இன்னும் கரண்ட் குவியும், ஹீட்சிங்க் குளிர்ந்திருக்கும்போதே ஷார்ட் ஆகும். டேட்டாஷீட்டின் எஸ்ஓஏ (பாதுகாப்பாக இயங்கும் எல்லை) வரைபடத்தில் தொடர்ந்து ஓட்டுவதற்கான டிசி கோடு இல்லாத பாகத்தை இதற்குத் தொடவே வேண்டாம்.

12 வோல்ட் வண்டியில் வந்த 40 வோல்ட் மாஸ்ஃபெட்டை 24 வோல்ட் லாரியில் போடாதீர்கள். ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி வயர் கழன்றால் எழும் வோல்டேஜ் உச்சம் 40-ஐத் தாண்டும்.

கழற்றும்போது காலை இழுக்காதீர்கள், உள் இணைப்பு விட்டுப்போகும். தடித்த செம்பு சூட்டை உறிஞ்சுவதால் போர்டை முதலில் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி, ஈயம் கலந்த சால்டர் சேர்த்து இளக்குங்கள். போர்டின் மேல்பூச்சு பாலியூரித்தேனாக இருந்தால் அதன் புகை நச்சு; காற்றோட்டம் கட்டாயம்.

கடைசியில், 12 வோல்ட்டில் 21 வாட் பல்பை டிரெயினில் இணைத்து, கேட்டுக்கு 1 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட் கொடுங்கள். லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் (கேட்டில் 5 வோல்ட்டிலேயே முழுதாக ஆன் ஆவது) என்றால் டிரெயின்–சோர்ஸ் இடையே மில்லிவோல்ட்டில்தான் இருக்க வேண்டும். பிறகு கேட்டை சோர்ஸோடு சேருங்கள். பல்பு மங்கலாகவாவது எரிந்தால் அந்தப் பாகம் குப்பைக்குத்தான்.