துடுப்புக்காலிகள் எந்த நுண்பாசியைத் தேர்ந்து உண்கின்றன என்று சோதித்தறிவது எப்படி?

கோப்பிபாட் எனப்படும் துடுப்புக்காலிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் நுண்ணிய ஓட்டுடலிகள். இவை நீரைச் சல்லடைபோல் வடிகட்டி அகப்பட்டதை உண்கின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தச் சிற்றளவில் நீர் தேன்போல் பிசுபிசுப்பாக இயங்குவதையும், வாயருகே உள்ள உறுப்புகள் நீர்த்துளியோடு சேர்த்து ஒரு செல்லை அள்ளி மூடுவதையும் மிமி கோல், ரூடி ஸ்ட்ரிக்லர் ஆகிய ஆய்வாளர்களின் அதிவேகப் படப்பதிவுகள் 1981இல் காட்டின. அள்ளிய செல்லை உண்ணாமல் தள்ளிவிடவும் இவற்றால் முடியும். ஆகவே உணவுத் தேர்வு என்பது சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வியாகிறது.

முதலில் இரண்டு பாசிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மற்றொன்று 14 மைக்ரான் என்று இருந்தால், பெரியது எளிதில் பிடிபட்டதா, விரும்பப்பட்டதா என்பதைப் பிரித்துச் சொல்ல இயலாது. டெட்ராசெல்மிஸ், தலாசியோசிரா வைஸ்ஃபிளாகி ஆகிய இரண்டும் ஏறத்தாழ 10 முதல் 15 மைக்ரான் அளவின. எனினும் முன்னது பச்சை நிறச் செல், பின்னது சிறு உருளை வடிவ டையாட்டம், அதாவது சிலிக்கா ஓடுடைய பாசி, என்பதால் நுண்ணோக்கியில் குழப்பமின்றி எண்ணலாம். கலவையில் இரண்டும் செல் எண்ணிக்கையில் சமமாக இருப்பதைவிட மொத்தக் கனஅளவில் சமமாக இருப்பதே நல்லது.

வளர்ந்த பெண் துடுப்புக்காலிகளை மட்டும் அகன்ற வாயுடைய குழாயால் பிரித்தெடுத்து, அதே கலவையில் ஒரு நாள் பழக்கிவிட வேண்டும். பட்டினி கிடந்த விலங்கிடம் தேர்வுத்திறன் மங்கிவிடக்கூடும். பிறகு அரை லிட்டர் புட்டிக்குப் பத்து விலங்குகள் வீதம் இட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். குமிழி இருந்தால், புட்டி சுழலும்போது விலங்குகள் அதில் சிக்கி இறக்க நேரிடும். பாசி அடியில் படியாதிருக்க, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு சுற்று வீதம் சுழலும் சக்கரத்தில் புட்டிகளைப் பொருத்தி, மங்கிய ஒளியில் 24 மணி நேரம் விடலாம்.

விலங்கு இல்லாத ஒப்பீட்டுப் புட்டிகளை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது. இந்தச் சோதனையில் பலர் சறுக்குவது இங்கேதான். எடுத்துக்காட்டாக, இரு பாசிகளும் மில்லிலிட்டருக்கு 1000 செல்களுடன் தொடங்குவதாகக் கொள்வோம். விலங்குள்ள புட்டியில் முடிவில் ‘அ’ 900, ‘ஆ’ 700 என்று இருந்தால், ‘ஆ’வே அதிகம் உண்ணப்பட்டதாகத் தோன்றும். ஆனால் ஒப்பீட்டுப் புட்டியில் ‘அ’ 1500 ஆகப் பெருகியிருக்க, ‘ஆ’ 1000 ஆகவே இருந்தால் முடிவு தலைகீழாகிறது. ஒப்பீட்டுப் புட்டியின் எண்ணை, விலங்குள்ள மேய்ச்சல் புட்டியின் எண்ணால் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் ‘அ’வுக்கு 0.511, ‘ஆ’வுக்கு 0.357 கிடைக்கும். இதை 500 மில்லிலிட்டரால் பெருக்கிப் பத்தால் வகுத்தால், ஒரு விலங்கு ஒரு நாளில் ‘அ’வை ஏறத்தாழ 25.5 மில்லிலிட்டர் நீரிலிருந்தும், ‘ஆ’வை 17.8 மில்லிலிட்டரிலிருந்தும் அகற்றியது என்றாகிறது. 0.511ஐ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது 0.59. இரண்டு உணவுகளே உள்ள சோதனையில் 0.5 என்பது விருப்பு வெறுப்பற்ற நிலை. ஆகவே ‘அ’வின் பக்கம் ஒரு மிதமான சாய்வு உள்ளது என்று சொல்லலாம், அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

விலங்குகளின் கழிவிலுள்ள அம்மோனியம் மேய்ச்சல் புட்டியில் மட்டும் பாசிக்கு உரமாகிக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், எல்லாப் புட்டிகளிலும் தொடக்கத்திலேயே சிறிது ஊட்டச்சத்துக் கரைசல் சேர்ப்பது பயன்தரும். மேய்ச்சலால் 20 முதல் 40 சதவீதச் செல்கள் குறைந்தால் போதும். அதைவிட மிகுதியாகத் தீர்ந்துவிட்டால், தேர்ந்தெடுக்க ஏதும் இல்லாத நிலையில் விலங்கு கிடைத்ததை உண்டிருக்கும்.

மாதிரிகளை லூகால் அயோடின் கரைசலில் பாதுகாத்து எண்ணுங்கள். டெட்ராசெல்மிஸில் மாவுச்சத்து இருப்பதால் அதில் கருமை ஏறும். அது அடையாளம் காண உதவும். ஒவ்வோர் இனத்திலும் ஏறத்தாழ 400 செல்களை எண்ணினால் பிழை வரம்பு 10 சதவீதத்திற்கு அருகில் நிற்கும். விலங்குள்ளவை, இல்லாதவை என வகைக்கு நான்கு புட்டிகளேனும் வேண்டும். முடிவில் எல்லா விலங்குகளும் உயிரோடுள்ளனவா என்று பார்த்து, இறந்தவை உள்ள புட்டியைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

இதே சோதனையை 4:1, 1:4 விகிதங்களிலும் திரும்பச் செய்யுங்கள். விகிதம் மாறியபோதும் சாய்வு மாறாதிருந்தால் அது அந்தப் பாசியின் தன்மையால் வந்தது. எது மிகுதியோ அதன் பக்கமே சாய்வு திரும்பினால், விலங்கு மிகுதியாக உள்ள உணவுக்கு மாறிக்கொள்கிறது என்று பொருள்.