சிகாகோ ரிக்லிவில்லில் வீடு பார்க்கிறீர்களா?

சிகாகோவில் வீடு தேடும்போது கிளார்க், அடிசன் தெருக்கள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று பிடித்துவிட்டால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கப்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் கடைசி வரை அங்கே இருக்கும் அவர்களின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் 81 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாற்பதாயிரம் பேர் வரை உங்கள் தெரு வழியாகத்தான் வருவார்கள், போவார்கள். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாளில் திருவல்லிக்கேணி எப்படி இருக்குமோ, அப்படி அரை வருடம்.

இந்த மைதானம் 1914-இல் கட்டியது. சுற்றிலும் பெரிய வாகன நிறுத்துமிடம் கிடையாது. வீடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரவு ஆட்டத்துக்கு விளக்குப் போட்டதே 1988-இல்தான், அதுவும் குடியிருப்பவர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு. இன்றும் பல ஆட்டங்கள் பகல் 1.20-க்குத் தொடங்குகின்றன. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் பகலில் குழந்தையைத் தூங்கவைப்பவர்களும் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

கார்தான் பெரிய தலைவலி. இரவு ஆட்ட நாட்களில் சுற்றியுள்ள பல தெருக்களில் அனுமதி ஸ்டிக்கர் இல்லாத வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நகர வாகன ஸ்டிக்கர் ஒன்று, இந்த வட்டாரத்துக்கான எல்வி2 அனுமதி ஒன்று, இரண்டும் வேண்டும். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை வார்டு அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். விருந்தினரையும் ஆட்ட நாளில் காரில் வரச் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால், இங்கே கார் இல்லாமல் இருப்பதே நிம்மதி. ரெட் லைன் ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. அடிசன் நிலையத்தில் ஏறினால் நேராக நகர மையம். கிளார்க் தெருவில் 22-ஆம் எண் பேருந்து, அடிசனில் 152.

வீட்டை எந்தப் பக்கம் பிடிப்பது? கிளார்க் தெருவை ஒட்டி வேண்டாம். அங்கே பார்கள் வரிசையாக இருக்கின்றன. ஆட்டம் முடிந்தாலும் சத்தம் முடியாது. கிழக்கே ஹால்ஸ்டெட் தாண்டி ஏரிப் பக்கமோ, மேற்கே சவுத்போர்ட் பக்கமோ சில தெருக்கள் தள்ளிப் போனாலே அமைதி கிடைக்கும். குழந்தைகள் இருந்தால் கண்டிப்பாக அப்படித்தான் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் இதே இடம் வேறு ஊர்போல் அடங்கிவிடும். அப்போது கவனிக்க வேண்டியது வெப்பம். ஹீட்டர் வீட்டுக்காரர் பொறுப்பில் இருந்தால், செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 68, இரவில் 66 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். சொல்லியும் கேட்கவில்லையென்றால் நகராட்சியின் புகார் எண்ணான 311-க்கு அழையுங்கள். புதிதாக வந்தவர்கள் தயங்கிக்கொண்டு குளிரில் கிடக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னாலும், இங்கே வந்துவிட்டால் ஒருமுறையாவது உள்ளே போய் ஆட்டம் பாருங்கள். விதிகள் தெரிய வேண்டும் என்றில்லை, பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். சுவரில் படர்ந்திருக்கும் ஐவிக் கொடியும், ஆட்கள் கையால் எண் மாற்றும் ஸ்கோர் பலகையும் 1937-இல் வந்தவை. கப்ஸ் ஜெயித்தால் பலகைக்கு மேலே நீல ‘டபிள்யூ’ போட்ட வெள்ளைக்கொடி ஏறும். ரயிலில் போகிறவர்களுக்கும் முடிவு தெரிந்துவிடும். 1908-க்குப் பிறகு 2016-இல்தான் இந்த அணி பேஸ்பாலின் பெரிய பட்டமான உலகத் தொடரை வென்றது. 108 வருடம் காத்திருந்த ஊர் இது. அண்டை வீட்டாரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக வளரும்.

அப்புறம், சமையல் சாமான். தெவன் அவென்யூவுக்குப் போனால் பருப்பு, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ரெட் லைனில் வடக்கே லொயோலா வரை போய், அங்கிருந்து 155-ஆம் எண் பேருந்து. அரிசி மூட்டையோடு திரும்பும்போது ஆட்டம் விடும் நேரமாக இருந்தால் அடிசனில் இறங்கவே வேண்டாம். ஒரு நிறுத்தம் முன்னால் ஷெரிடனில் இறங்கி நடந்துவிடுங்கள்.